7. யூசர் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள்

"அண்ணா, ரெண்டு தடவ எடுத்துட்டு மறுபடி போட்டுட்டேன். அதேதான் வருது."

கடைப் பையன் இதைச் சொன்னபோது காலை 11 மணி. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த இருவர் பெஞ்சில் உட்கார்ந்து, மனு எப்போது அடித்துக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவலையெல்லாம் மலைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றி. எங்கள் சிஸ்டத்தில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் திறந்தது. ஆனால் மேலே மெனு இல்லை, தட்டினால் ஏதோ ஒரு பொடி எழுத்து வந்தது, ஒரு நிமிஷம் ஆனதும் தானாக மூடிக்கொண்டது. பையன் மென்பொருளை முழுசாக நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான். மறுபடியும் நீக்கி மறுபடியும் ஏற்றினான். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து அவன் கேட்டது எல்லாக் கடையிலும் கேட்கும் கேள்விதான்: "பார்மட் அடிச்சிடலாமா?"

வேண்டாம் என்றேன். இந்த அத்தியாயம் முழுக்க அந்த 'வேண்டாம்' பற்றித்தான்.

முந்தைய நாள் மாலை கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. எங்கள் வடக்கனந்தலில் அப்படி வந்தால் கரண்ட் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் யுபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை மாற்றாமல் விட்டது என் சோம்பேறித்தனம். பையன் ரைட்டரை மூடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து சிஸ்டம் அணைந்துபோனது.

நாம் பயன்படுத்தும் பெரும்பாலான மென்பொருள்களுக்குக் கணினியில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, மென்பொருள் குடியிருக்கும் இடம். விண்டோஸில் அது சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ். இன்னொன்று, உங்கள் பழக்கங்களை அது எழுதி வைத்துக்கொள்ளும் இடம். எந்த எழுத்துரு, எந்தப் பட்டை எங்கே இருக்க வேண்டும், கடைசியாகத் திறந்த ஃபைல்கள், நீங்கள் சேர்த்த சொற்கள் எல்லாம் அங்கே போகும். அது உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கிறது. மென்பொருளை நீக்கினால் முதல் இடம் காலியாகும். இரண்டாவது இடத்தை அது பெரும்பாலும் தொடாது. பழைய டீ மாஸ்டரை அனுப்பிவிட்டுப் புது மாஸ்டரைப் போட்டாலும் கல்லாவில் இருக்கிற கடன் நோட்டு அதேதானே? மழையில் நனைந்து மை கலைந்த நோட்டைப் புது மாஸ்டரும் எடுத்துப் படிப்பார், பழையவரைப் போலவே குழம்புவார். பையன் மாஸ்டரை இரண்டு தடவை மாற்றியிருந்தான், அவ்வளவுதான்.

பெரும்பாலான மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளை மூடும்போதுதான் எழுதி முடிக்கும். அந்த நொடியில் கரண்ட் போனால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். லிப்ரே ஆபீஸின் அமைப்புகள் இருக்கும் ஃபைலின் பெயர் ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ், பின்னால் எக்ஸ்சியூ. அது வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்து பார்க்கலாம். அன்று நான் திறந்தேன். வழக்கமாக வரிவரியாக, ஒவ்வொரு வரியும் 'ஐட்டம்' என்று தொடங்கி 'ஐட்டம்' என்றே முடியும். இதில் நடுவில் ஒரு வரி பாதியில் அறுந்து, அதன் கீழே வெறும் வெள்ளைதான் இருந்தது. சில சமயம் முழு ஃபைலுமே வெள்ளையாக இருக்கும், ஆனால் அளவு மட்டும் பழையபடியே காட்டும். இரண்டில் எதைப் பார்த்தாலும் குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நோட்பேடைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மென்பொருள் கெட்டுவிட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மென்பொருள் கெடவே இல்லை. எக்செலில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் மாறாமல் தாளே நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக் ஆன் ஆகியிருக்கிறது. ரைட்டரில் நடுவே ஒரு எழுத்தைச் சேர்த்தால் அடுத்த எழுத்து அழிகிறதா? யாரோ இன்சர்ட் சாவியைத் தொட்டிருக்கிறார்கள். ரைட்டரில் மெனுவும் பட்டைகளும் மொத்தமாகக் காணாமல் போனால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், முழுத்திரையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். சுருக்கு விசைகள் வேலை செய்யவில்லை என்றால் தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஆன் ஆகியே இருக்கிறதா என்று கீழ்மூலையில் பாருங்கள்.

தமிழ் வேலை செய்யும் கடைகளுக்கென்றே இன்னொன்று உண்டு. பென்டிரைவில் வந்த ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல் அது. உங்கள் சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லை. ஆயிரம் முறை ரீசெட் செய்தாலும் வராது, எழுத்துருவை ஏற்றினால் உடனே வந்துவிடும். இதற்காக விண்டோஸையே மறுபடி போட்ட ஒரு கடையை எனக்குத் தெரியும். ஊர் பெயர் வேண்டாம்.

இவை எதுவும் இல்லை என்றால் இரண்டு சோதனைகள். முதலில், ஒரு புதுக் காலி ஃபைலைத் திறந்து பாருங்கள். அதில் தொல்லை இல்லை என்றால் கோளாறு அந்த ஒரு ஃபைலில்தான், இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவையில்லை. அடுத்து, விண்டோஸில் இன்னொரு பயனர் கணக்கு உருவாக்கி, அதில் நுழைந்து அதே மென்பொருளைத் திறந்து பாருங்கள். அமைப்புகள் ஆளுக்கு ஆள் தனி என்பதால் புது ஆளுக்குப் புது நோட்டு கிடைக்கும். அங்கே ஒழுங்காக ஓடினால் மென்பொருளில் குறையில்லை, உங்கள் நோட்டில்தான் குறை. கொஞ்சம் நேரம் பிடிக்கும் சோதனைதான், ஆனால் இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் சோதனை வேறு எனக்குத் தெரியாது.

இனி வேலைக்கு வருவோம். லிப்ரே ஆபீஸை வைத்தே சொல்கிறேன். அதன் வழி தெரிந்தால் மற்றவற்றின் வழியும் பிடிபட்டுவிடும்.

முதலில் எல்லாவற்றையும் மூடுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் லிப்ரே ஆபீஸின் சின்னப் படம் ஒளிந்திருந்தால் அதையும் மூடுங்கள். மூடாமல் செய்தால், பிறகு மூடும்போது அது பழைய குப்பையையே மறுபடி எழுதிவிடும். விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் % குறி, ஆப்டேட்டா, மறுபடி % குறி என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஆப்டேட்டாவில் 'பி' இரண்டு, அதை விட்டால் திறக்காது. மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் நேராகப் போய்விடுவீர்கள். அங்கே லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர்.

அந்த 4-ஐப் பார்த்துப் பலரும் இது பழைய வெர்ஷனின் மிச்சம் என்று நினைத்து அழிக்கப் போவார்கள். லிப்ரே ஆபீஸ் 4.0 வந்தது 2013இல். இப்போது வெர்ஷன் எண் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 24.2 என்ற கணக்கில் போகிறது. ஆனால் ஃபோல்டரின் பெயர் 4 என்றே தங்கிவிட்டது. அதுதான் இன்றைய நோட்டு.

யூசர் மேல் வலது கிளிக், ரீநேம். யூசர்-பழசு என்று வையுங்கள். கூடவே தேதியும் போட்டால் இன்னும் நல்லது. டெலிட்டில் கை வைக்காதீர்கள். இப்போது ரைட்டரைத் திறங்கள். யூசர் ஃபோல்டரைக் காணோமே என்று அது கோபித்துக்கொள்ளாது, புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். முதல் நாள் ஏற்றியபோது இருந்த முகத்தோடு வந்து நிற்கும்.

அன்று அப்படித்தான் வந்தது. மெனு வந்தது, தானாக மூடவில்லை. பையன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பில்லி சூனியம் எடுத்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை இருந்தது. எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிஷம்.

பெயரை மாற்றிய பிறகும் அதே தொல்லை வந்தால்? அப்போது நோட்டு நிரபராதி. மூடுங்கள், புதிதாக வந்த யூசரை நீக்குங்கள், யூசர்-பழசுக்கு அதன் பழைய பெயரைக் கொடுங்கள். எதையும் இழக்காமல் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டீர்கள். இனி வரைகலை அட்டை, வைரஸ், ஹார்ட் டிஸ்க் என்று வேறு பக்கம் தேடலாம். அழித்திருந்தால் இப்படித் திரும்பி வர வழியில்லை.

அழித்தால் என்ன போகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு நாளில் அவசரப்பட்டு யூசரை மொத்தமாக அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். தொல்லை போனது. கூடவே என் கடையின் பாதி மூலதனமும் போனது. அந்த ஃபோல்டருக்குள் வேர்ட்புக் என்று ஒன்று உண்டு, நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்கள் அதில்தான். ஆட்டோகரெக்ட் பட்டியல் ஒரு ஃபோல்டரில், ஆட்டோடெக்ஸ்ட் இன்னொன்றில், டெம்ப்ளேட்கள், மேக்ரோக்கள் ஆளுக்கொரு ஃபோல்டரில். எங்களைப் போன்ற மனு எழுதும் கடைக்கு ஆட்டோடெக்ஸ்ட்தான் உயிர். இரண்டெழுத்துத் தட்டி எஃப்3 அழுத்தினால் அனுப்புநர், பெறுநர், மாவட்ட ஆட்சியர் முகவரி, 'பொருள்', 'ஐயா' வரைக்கும் வந்து விழும். கரும்புப் பதிவு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்திருந்தேன். அத்தனையும் மறுபடி தட்ட ஒரு வாரம் ஆனது.

நீங்கள் சேமித்த ஆவணங்கள் இந்த ஃபோல்டரில் இல்லை, அவை உங்கள் டாக்குமென்ட்ஸில் பத்திரமாக இருக்கும். ஆனால் சேமிக்காமல் போன ஆவணம் ஒருவேளை இங்கே இருக்கலாம். பழைய யூசருக்குள் பேக்கப் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கரண்ட் போனபோது திறந்திருந்த பெயரிடாத ஃபைல், அன்டைட்டில்டு, அடிக்கோடு, 0 என்ற பெயரில் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அன்று எங்களுக்குக் கிடைத்தது. முந்தைய நாள் மாலை அடித்துப் பாதியில் நின்ற ஒரு திருமணப் பத்திரிகை வாசகம், மாப்பிள்ளை வீட்டு உறவுப் பட்டியல் வரைக்கும் அதில் இருந்தது.

ஆக, புது யூசர் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும், பழசிலிருந்து வேண்டியதை ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும். ரைட்டரை மூடி, ஆட்டோடெக்ஸ்ட் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்துப் புது யூசருக்குள் போடுங்கள். திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மூடிவிட்டு வேர்ட்புக். பிறகு டெம்ப்ளேட். எதைப் போட்டதும் தொல்லை திரும்புகிறதோ அதுதான் கெட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிப் போட்டால் கெட்டதும் கூடவே வரும், இத்தனை நேரம் செய்ததும் வீண். அந்த ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ் ஃபைலை மட்டும் எக்காரணம் கொண்டும் கொண்டுவராதீர்கள்.

ஃபோல்டருக்குள் கை விடப் பயமாக இருக்கிறவர்களுக்கு லிப்ரே ஆபீஸே ஒரு வாசல் வைத்திருக்கிறது. 2017இல் வந்த 5.3 வெர்ஷனிலிருந்து ஹெல்ப் மெனுவில் 'சேஃப் மோடில் மறுபடி தொடங்கு' என்ற வரி உண்டு. மென்பொருள் திறக்கவே திறக்காது என்றாலும், விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் சேஃப் மோட் என்று தனியாக இருக்கும். அதில் நுழைந்தால் ஒரு பெட்டி வரும். நேற்றைய நல்ல நிலைக்குத் திரும்புவது, நீங்கள் ஏற்றிய நீட்சிகளை நிறுத்தி வைப்பது, வரைகலை முடுக்கத்தை நிறுத்துவது, கடைசியில் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே போவது என்று வரிசையாக இருக்கும். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு சோதியுங்கள். கடைசி வரிக்கு நேராகத் தாவுகிறவர்கள் என் அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முழு யூசரையும் ரீசெட் செய்யும் முன், அதே பெட்டியில் உள்ள ஜிப் ஆக்கும் பொத்தானால் ஒரு நகல் எடுத்து வைக்கலாம்.

ரீசெட்டுக்குப் பிறகு தமிழ்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்தையும் தமிழையும் இரண்டு தனி வகையாகப் பார்க்கிறது. தமிழ், 'சிக்கலான எழுத்தமைப்பு' என்ற பிரிவில் வருகிறது, சிடிஎல் என்று காட்டும். ஆங்கிலத்துக்கு எழுத்துரு மாற்றினால் தமிழுக்கு மாறாது. அதனால்தான் ரீசெட்டுக்குப் பிறகு ஆங்கிலம் அழகாகவும் தமிழ் வேறு ஏதோ எழுத்துருவிலும் வரும், சொல்லுக்குச் சொல் கீழே சிவப்புக் கோடு நெளியும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகளுக்குப் போய் சிடிஎல் பெட்டியில் தமிழ் என்று வையுங்கள். ரைட்டர் பகுதியில் சிடிஎல் அடிப்படை எழுத்துரு என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் 'ரீசெட் செய்தும் சரியாகவில்லை' என்று சொல்கிறவர்கள் நிறைய.

பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் படிக்கும் பிள்ளைகள் பாடத்தில் இருப்பது ஓப்பன் ஆபீஸ். லிப்ரே ஆபீஸ் 2010இல் அதிலிருந்து பிரிந்து வந்த பங்காளி. பங்காளி வீடுகளில் அறை அமைப்பு ஒன்றாகவே இருக்குமே, அதே மாதிரி ஓப்பன் ஆபீஸ், 4, யூசர் என்று போனால் போதும். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருந்தன. அப்படி ஒன்று வந்தால் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல், எச் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் வெளியே வரும். அதில் புள்ளி கான்ஃபிக், அதற்குள் லிப்ரே ஆபீஸ். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேர்ட் என்றால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே அதன் படத்தைக் கிளிக் செய்யுங்கள், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அங்கே ஒழுங்காக ஓடினால் ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் போய் 'நார்மல்' என்ற ஃபைலின் பெயரை மாற்றுங்கள், வேர்ட் புதிதாக ஒன்று செய்துகொள்ளும். கோரல் டிராவில் கருவிகள் எல்லாம் இடம் மாறி நிற்கின்றனவா? திறக்கும்போதே எஃப்8-ஐ அழுத்திப் பிடியுங்கள். ஃபோட்டோஷாப்புக்குத் திறந்த உடனே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றும். அமைப்புகளை அழிக்கவா என்று கேட்கும்போது, நீங்கள் சேகரித்த ஆக்ஷன்களையும் பிரஷ்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டீர்களா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். விஎல்சியில் பிரிஃபரன்சஸ் பெட்டியின் அடியிலேயே ரீசெட் பொத்தான் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 'ரிஃப்ரெஷ்' என்ற வசதி, புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் காப்பாற்றிக்கொண்டு நீட்சிகளையும் நீங்கள் மாற்றிய அமைப்புகளையும் கழற்றிவிடும். பழையதை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகப் போட்டும் வைக்கும். பெயர் மாற்றும் நம் வழியை அதுவே தனக்குச் செய்துகொள்கிறது.

பேஜ்மேக்கர் மட்டும் ஊரோடு ஒத்து வாழாதது. 7.0 வெளிவந்தது 2001இல். இன்னும் எத்தனையோ அச்சுக்கூடங்களில் கல்யாணப் பத்திரிகை அதில்தான் ஓடுகிறது. அது தன் நோட்டை ஆப்டேட்டாவில் வைப்பதில்லை, தான் குடியிருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே பிஎம்70 என்ற சிஎன்எஃப் ஃபைலாக வைத்திருக்கிறது. புரோகிராம் ஃபோல்டருக்குள் ஆர்எஸ்ஆர்சி, அதற்குள் மொழிக்கான ஃபோல்டர் என்று போனால் கிடைக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறங்கள்.

பழைய ஃபோல்டரை எவ்வளவு நாள் வைத்திருப்பது? நான் ஒரு மாதம் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் ஏதாவது காணவில்லை என்று யாராவது கேட்பார்கள், இல்லையென்றால் எனக்கே நினைவு வரும். ஒழுங்காக ஓடும் நாளில் யூசரை அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. ஆனால் அந்த நகலுக்கு எவ்வளவு வயசு என்று பார்த்துப் போடுங்கள்.

நான் பார்க்காமல் போட்டேன். 2020இல் ஒரு நாள், ஆட்டோடெக்ஸ்ட் கெட்டுப்போக, அலமாரியில் கிடந்த பழைய பென்டிரைவிலிருந்து நகலைப் போட்டேன். எல்லாம் அழகாக வந்துவிட்டது. அன்று மாலை கச்சிராயப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் தன் மனுவைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"தம்பி, நாம இன்னும் விழுப்புரத்துலயா இருக்கோம்?"

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. என் நகல் அதற்கு முந்தையது. பெறுநர் முகவரியில் விழுப்புரம் ஆட்சியர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ட்ரோல், எஃப்3 அழுத்தி ஆட்டோடெக்ஸ்ட் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, பெரியவருக்குப் புதுத் தாளில் அடித்துக் கொடுத்தேன். காலையிலிருந்து அடித்துக் கொடுத்த மற்ற மனுக்களின் சொந்தக்காரர்களுக்குப் பையன் ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.